இதமான குளிர்

கம்ப்யூட்டரில் துருக்கி என்று அடித்தாகிவிட்டது. அக்டோபர் ஒன்பது முதல் பத்தொன்பது வரை என்று அடித்தாகிவிட்டது. மாதா வாழ்ந்ததாகச் சொல்கிற வீடு, பைபிளில் வருகிற ஏழு திருச்சபைகள், கப்பதோக்கியா குகைக் கோயில்கள், இஸ்தான்புல் கப்பல் சவாரி, தினமும் ஒரு வேளை தயிர்சாதம், சகலமும் அடித்தாகிவிட்டது. 'வானிலை' என்று தலைப்புப் போட்டுப் பக்கத்தில் இரண்டு புள்ளியும் வைத்த இடத்தில்தான் சவரிநாதனின் விரல் சண்டி மாடு மாதிரி நின்றுவிட்டது. மணி மூன்று. பாலக்கரையில் அந்த மாடி அறைக்கு மேலே மொட்டைமாடி, அதற்கு மேலே செப்டம்பர் வெயில். மின்விசிறி அதே சூட்டைத்தான் திரும்பத் திரும்பத் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. இப்படி வேர்த்து வழிந்துகொண்டு ஒரு மனுஷன் குளிரைப் பற்றி என்ன எழுதிக் கிழிப்பான்? இருபத்திரண்டு வருஷமாகக் கோயில் பங்குக்காரர்களை யாத்திரையாக வேளாங்கண்ணி, கோவா, கொடைக்கானல், ரோமாபுரி, எருசலேம் என்று கூட்டிக்கொண்டு அலைகிறவனுக்கு ஒரு வரி எழுத வராதா? துருக்கி லேசுப்பட்ட நாடில்லை, அதுதான் சங்கடம். ஒரே நாட்டுக்குள் நாலு நாட்டு வானிலை. இஸ்தான்புல்லில் தூறும், குடை வேண்டும். மாதா வீடு இருக்கிற எபேசுப் பக்கம் நம்ம ஊர் மார்கழி. அன்தாலியா கடற்கரையில் பகலெல்லாம் வெயில், பருத்திச் சேலை போதும். கப்பதோக்கியாவில்... கப்பதோக்கியாவில் என்ன? எழுதடா. செல்போனை எடுத்துப் பார்த்தார். வானிலை காட்டுகிற இடத்தில் இரண்டே ஊர்தான் வைத்திருந்தார். திருச்சி முப்பத்தேழு. கப்பதோக்கியா பதினாறு. பத்து மாதமாகக் காலையில் பல் தேய்க்கும் முன் இதைப் பார்க்கிற வழக்கம் வந்துவிட்டது. ஜனவரியில் அங்கே மைனஸ் ஒன்பது என்று காட்டிய நாள் காப்பியை அப்படியே ஆறவிட்டுவிட்டார். மனைவி ரீட்டா கேட்டாள், அங்க யாருங்க இருக்கா உங்களுக்கு என்று. யாரும் இல்லை. அங்கே இருந்தவரைத்தான் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாகிவிட்டதே.

நாலரைக்கு இன்னாசி சார் வருகிறார். அதற்குள் இந்த வரியை எழுதி முடிக்க வேண்டும். அல்லது அவரிடம் சொல்லி முடிக்க வேண்டும். இரண்டில் எது என்று காலையிலிருந்து மனசு கிடந்து அல்லாடுகிறது. காலை எட்டு மணிக்குப் போன் வந்தது. "தம்பி, நான் இன்னாசி பேசுறேன். திருப்பித் துருக்கி போடுறீங்களாமே, பூசையில அறிக்கை வாசிச்சாங்க. என் பேரையும் சேத்துக்குங்க. செசிலிக்காக மாதா வீட்டுல ஒரு மெழுகுவர்த்தி ஏத்தணும். நாலரைக்கு ஆபீஸுக்கு வர்றேன்." மறுத்திருக்கலாம். இடமில்லை சார், எழுபத்தி நாலு வயசுக்கு அலைச்சல் ஆகாது சார் என்று ஏதாவது உளறியிருக்கலாம். வாங்க சார் என்று இனிக்க இனிக்கச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். வாய்க்கு இனிப்பு பழகிவிட்டது, தொழில் அப்படி. இந்தத் தொழிலில் வெயிலை வெயில் என்று சொல்லக் கூடாது, கதகதப்பு என்று சொல்ல வேண்டும். மழை என்றால் சாரல். அறையில் ஜன்னல் இல்லை என்றால் அமைதியான அறை. குளிர் என்றால் இதமான குளிர். இதமான. அந்த வார்த்தையை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை, கேட்டாலே உடம்பு மெத்தையில் சாய்கிற மாதிரி இருக்கிறது. குளிர் எப்படி இதமாக இருக்கும்? திருச்சிக்காரனுக்கு இருக்கும். மார்கழியில் இருபது டிகிரிக்குக் காதில் மப்ளர் கட்டிக்கொண்டு, ஆகா, இதமா இருக்கு என்பான். அவனுக்குத் தெரிந்த குளிர் அவ்வளவுதான். அவனிடம் போய் இதமான குளிர் என்று எழுதிக் கொடுத்தால் அவன் எதை எடுத்து வைப்பான்? சால்வையைத்தான் எடுத்து வைப்பான்.

அதையும் சவரிநாதன் தானாக எழுதவில்லை. அதுதான் இன்னும் கேவலம். போன வருஷம் ஆகஸ்டில் பவுலின் கேட்டாள். இங்கே கம்ப்யூட்டரில் வேலை பார்த்த பெண், இப்போது கல்யாணமாகி மஸ்கட்டில் இருக்கிறாள். "சார், புதுசா அடிக்கவா, இல்ல கொடைக்கானல் தாளையே மாத்திடவா?" அவர் யாரோடோ போனில் விசா பேசிக்கொண்டிருந்தார். கையாலேயே சைகை காட்டினார், மாத்திடும்மா. அவள் ஊர்ப் பெயரை மாற்றினாள், தேதியை மாற்றினாள், பூம்பாறையை எடுத்துவிட்டு எபேசைப் போட்டாள். கடைசியில் இருந்த இரண்டு வரி அப்படியே தங்கிவிட்டது. 'இதமான குளிர் நிலவும். சால்வை அல்லது மெல்லிய ஸ்வெட்டர் போதுமானது.' நாற்பது படி எடுத்துப் பங்கு மண்டபத்தில் கூட்டம் போட்டு முப்பத்திரண்டு பேருக்கும் கொடுத்தார். கொடுக்கும்போது படித்துப் பார்த்தாரா? பார்த்தார். அந்த வரி கண்ணில் பட்டதா? பட்டிருக்கும். படவில்லை என்று பல நாள் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாயிற்று, மனசு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. சரி, கண்ணில் பட்டது, உறைக்கவில்லை. ஆனால் புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னால் அங்கிருக்கிற வழிகாட்டி ஒரு செய்தி அனுப்பினானே, குளிர் சீக்கிரம் வந்துவிட்டது, எல்லாரையும் கனமான ஜாக்கெட் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று. அது உறைத்தது. நன்றாகவே உறைத்தது. அன்று சாயங்காலமே பெரிய கடைவீதிக்குப் போய் ஜாக்கெட் வாங்கினார். ஒன்று. தனக்கு. மற்றவர்களுக்கு நாளைக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். நாளைக்கு ஒருவருக்குப் பாஸ்போர்ட்டில் பிரச்சினை. மறுநாள் தயிர்சாதப் பொட்டலம் கட்டுகிறவன் காலை வாரிவிட்டான். அப்புறம் மறந்தே போனது. முப்பத்திரண்டு பேருக்குச் சொல்ல மறந்தவன் அந்த ஜாக்கெட்டை மட்டும் பெட்டியில் வைக்க மறக்கவில்லை.

அந்த ஜாக்கெட்டோடுதான் அவர் அக்டோபரில் கப்பதோக்கியா மைதானத்தில் நின்றார். ஆள் ஏறிப்போகிற ராட்சத பலூன் பறப்பதைப் பார்க்க விடிவதற்கு முன்பே கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். காற்று சரியில்லை, பலூன் கிளம்பவில்லை, இதோ அதோ என்று ஒன்றரை மணி நேரம். வெட்டவெளி. நாலு டிகிரி என்று பிற்பாடு தெரிந்தது. சேலை கட்டிய அம்மாக்களெல்லாம் கோழிகள் மாதிரி ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். இன்னாசி சாரின் மனைவி செசிலியம்மா மட்டும் தனியாக நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் இருந்தவர், அறுபத்தெட்டிலும் குரல் மணி மாதிரி. நீல நிறச் சால்வை. அதன் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார், கையை வெளியே எடுக்க முடியாமல். பிறகு சால்வையை விட்டுவிட்டு இவரைப் பார்த்துச் சிரித்தார். "சவரி, ஜாக்கெட் ஷோக்கா இருக்கே, மாப்பிள்ளை மாதிரி!" அவ்வளவுதான் சொன்னார். கேட்கவில்லை. கேட்டிருந்தால் கழற்றிக் கொடுத்திருப்பார். கொடுத்திருப்பாரா? கேட்காமலே கொடுத்திருக்கலாம். கை ஜிப் வரைக்கும் போனது, அது நன்றாக நினைவிருக்கிறது, ஜிப்பின் இரும்பு ஐஸ் மாதிரி விரலைச் சுட்டது. அப்போது ஒரு யோசனை வந்தது, நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் இத்தனை பேரையும் யார் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? எவ்வளவு பொறுப்பான யோசனை! பாவி. யோசனை வந்தது, கை இறங்கியது, ஜிப் அங்கேயே இருந்தது. அதற்குள் பலூன்கள் கிளம்பிவிட்டன. எல்லாரும் அம்மாடி, அப்பாடி என்று கை தட்டினார்கள், செசிலியம்மாவும் தட்டினார். அன்று மத்தியானம் பஸ்ஸில் பல் கிட்டித்தது. மறுநாள் காய்ச்சல். மூன்றாம் நாள் மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செசிலியம்மா, இந்தப் பக்கம் இன்னாசி சார் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு. பாஷை புரியாத டாக்டர் நுரையீரல் இருக்கிற இடத்தைத் தன் நெஞ்சில் தொட்டுக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். ஐந்தாம் நாள் எல்லாம் முடிந்தது. மாதா வீட்டைச் செசிலியம்மா பார்க்கவே இல்லை.

இதோடு நின்றிருந்தால் தப்பு என்று சொல்லலாம். கவனக்குறைவு, மறதி, மனுஷன் என்றால் இருக்கும், ஆண்டவர் மன்னிப்பார். இதோடு நிற்கவில்லையே. நவம்பரில் செசிலியம்மாவின் மகள் ஜெசிந்தா சென்னையிலிருந்து வருகிறாள், ஆபீஸுக்கு வந்து அந்தத் தாளைக் கேட்கப் போகிறாள் என்று தெரிந்தது. அவள் வருவதற்கு முதல் நாள் மத்தியானம் இதே நாற்காலி, இதே கம்ப்யூட்டர். இரண்டு விரலால்தான் அடிக்க வரும், அந்த இரண்டு விரலாலேயே அடித்தார். 'அதிகாலையில் கடும் குளிர் நிலவும். கனமான கம்பளி உடை, கையுறை, தொப்பி கட்டாயம்.' இன்றைக்கு ஒரு மணி நேரமாக வராத வரி அன்றைக்கு மூன்றே நிமிஷத்தில் வந்தது. பழையதை அழித்தார், மிச்சம் இருந்த படிகளைக் கிழித்துப் போட்டார், புதியதை எடுத்து ஃபைலில் வைத்தார். இன்னாசி சார் கையில் இருந்த தாள் ஆஸ்பத்திரி அலைச்சலில் எப்போதோ தொலைந்திருந்தது. ஜெசிந்தா அப்பாவோடு வந்தாள், படித்தாள், அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, இதுல தெளிவா போட்டிருக்கே. நீங்க படிக்கலையா?" இன்னாசி சார் அந்தத் தாளை வாங்கி மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் நாலு தடவை படித்தார். "இதமான குளிர்னுதான்மா போட்டிருந்த மாதிரி ஞாபகம்... சால்வை போதும்னு..." என்றார். பாதியிலேயே அவர் குரல் சுருங்கிவிட்டது. "கண்ணாடி போடாமப் படிச்சேனோ என்னமோ." பெட்டியில் செசிலியம்மா எடுத்து வைத்த கனமான ஸ்வெட்டரை, வீண் சுமை என்று வெளியே எடுத்துப் போட்டவர் அவர். அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார். அதை அவரே மகளிடம் சொன்னார், மறைக்கத் தெரியாத மனுஷர். ஜெசிந்தா எழுந்து வெளியே போனாள். படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. அன்றோடு சரி. பேத்தியின் முதல் நற்கருணைக்குச் சாரைக் கூப்பிடவில்லை என்று பங்கில் பேசிக்கொண்டார்கள். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டு வாசல் நட்சத்திரம் கட்டாமல் இருட்டில் கிடந்தது. கோயிலில் ஒவ்வொரு ஞாயிறும் தூணோரம் தனியாக உட்கார்ந்திருக்கிறார், பூசை முடிந்து எல்லாரும் போன பிறகும். அந்த மனுஷரிடமிருந்து மனைவியை எடுத்தது குளிர் என்றாவது சொல்லலாம். மகளை எடுத்தது யார்?

தவக்காலத்தில் சவரிநாதன் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார். போனது இதற்காகத்தான். முழங்கால் போட்டதும் வாய் தன் புத்தியைக் காட்டிவிட்டது. கோபப்பட்டேன் சாமி, பூசைக்குத் தாமதமாக வந்தேன் சாமி, பொய் சொன்னேன் சாமி, தகப்பனை நினைக்காமல் இருந்தேன் சாமி. நாலு பாவத்துக்கு நடுவில் அதைச் செருகினார், பஸ்ஸில் மூட்டையைச் செருகுகிற மாதிரி. சாமியார் பாவம், அவருக்குப் பின்னால் இருபது பேர் வரிசை, என்ன பொய் என்று கேட்கவில்லை. மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். மூன்று மந்திரம். சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. செசிலியம்மா, இன்னாசி சார், ஜெசிந்தா, ஆளுக்கு ஒன்று. அதன் பிறகு ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கினார், அதை நினைத்தால்தான் இப்போது அருவருப்பாக இருக்கிறது. இன்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் என்ன ஆகும்? போலீஸுக்குப் போவாரா? போகட்டும். ஊர் காறித் துப்பும், துப்பட்டும். தொழில் படுத்துவிடும், ரீட்டா அழுவாள், பையன் படிப்பு... சரி, அதைப் பிறகு பார்க்கலாம். சார் அடிப்பாரா? அடித்தால் நல்லது. ஓங்கி ஒரு அறை விட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! எப்படித் தொடங்குவது? சார், ஒரு தவறு நடந்துவிட்டது. நடந்துவிட்டது இல்லை, செய்துவிட்டேன். தெரியாமல் செய்துவிட்டேன். தெரிந்துதான். பயத்தில் செய்துவிட்டேன். ஆமாம், பயத்தில், இல்லை, அதுகூட வேண்டாம், பயம் என்றால் இரக்கப்படுவார். செய்தேன், அவ்வளவுதான். திரையில் 'வானிலை' என்பதற்குப் பக்கத்தில் இரண்டு புள்ளிக்கு அப்புறம் கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. படியில் ஆள் ஏறுகிற சத்தம் கேட்டது. மணி நாலேகால்தான். கால்மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார்.

வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாக, கையில் ஒரு துணிப்பையோடு, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார் இன்னாசி சார். போன வருஷத்துக்கு இப்போது பாதியாகியிருந்தார். பையிலிருந்து ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து மேசையில் வைத்தார். முப்பத்திநாலு வருஷம் சர்வேயராக இருந்து நிலம் அளந்தவர், எதையும் எழுதிக்கொள்ளாமல் நம்ப மாட்டார்.

"இந்தத் தடவை ஒவ்வொரு ஊரா சொல்லுங்க தம்பி. எங்க எவ்ளோ குளிரு, என்ன போடணும். எல்லாத்தையும் எழுதிக்கிறேன். ஒரு தடவை பட்டாச்சு."

"சார், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"போன வருஷம் உங்களுக்குக் குடுத்த தாள்ல கடும் குளிர்னு இல்ல சார். இதமான குளிர்னுதான் இருந்துச்சு. சால்வை போதும்னு இருந்துச்சு. நீங்க சரியாத்தான் படிச்சீங்க. அம்மா போனதுக்கு அப்புறம் நான்தான் வேற தாள் அடிச்சு ஜெசிந்தா கையில குடுத்தேன். குளிரு கடுமையா இருக்கும்னு எனக்கு முன்னாடியே தெரியும். எனக்கு மட்டும் ஜாக்கெட் வாங்கிக்கிட்டேன். உங்க யாருக்கும் சொல்லல."

சொல்லிவிட்டார். எங்கும் நிற்காமல், எதையும் விடாமல் சொல்லிவிட்டார். பத்து மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சு முழுக்கக் காற்று போய் வந்தது. கன்னத்தைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். இன்னாசி சார் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார், போட்டுக்கொண்டார், இவரையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது. கோபம் இல்லை. தேடித் தேடிப் பார்த்தும் அந்த முகத்தில் கோபம் இல்லை.

"பங்கு சாமியாரு சொன்னாரு, ஆண்டவர் சித்தம்னு. டாக்டரு சொன்னாரு, அவங்களுக்கு முன்னாடியே நெஞ்சுல சளி இருந்திருக்கும்னு. என் மனசு ஆறணும்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லிட்டாங்க. ஆனா பழிய எடுத்துத் தன் தலையிலயே போட்டுக்கிட்டது நீங்க ஒருத்தர்தான் தம்பி."

"ஐயோ, ஆறுதலுக்குச் சொல்லல சார். நெசமாத்தான்." சவரிநாதன் எழுந்து பீரோவைத் திறந்து, ஃபைல்களைக் கீழே தள்ளி, அந்தக் கொடைக்கானல் தாளைத் தேடி எடுத்தார். "இதப் பாருங்க. இந்தத் தாளைத்தான் பேர மட்டும் மாத்திக் குடுத்தோம். கடைசி ரெண்டு வரியப் படிங்க."

சார் தாளை வாங்கித் தலைப்பிலிருந்து படித்தார். சர்வேயர்கள் அப்படித்தான் படிப்பார்கள். "இது கொடைக்கானல்னு போட்டிருக்கே."

"அதத்தான் சார் சொல்றேன்!"

"தம்பி, வரப்பு அங்க இருந்துச்சு, கல்லு இங்க இருந்துச்சுன்னு என் காலப் பிடிச்சு அழுதவங்க எத்தனை பேரு தெரியுமா? அத்தனையும் வாய்ச்சொல்லு. நான் தாள்ல என்ன இருக்கோ அதத்தான் அளந்து விட்டேன். இப்போ எனக்குன்னு வரும்போது மட்டும் மாத்திப் பேசலாமா? அந்தத் தாள இந்தக் கண்ணால நாலு தடவை படிச்சேன். கடும் குளிருன்னுதான் இருந்துச்சு."

"நான் இப்பவே ஜெசிந்தாவுக்குப் போன் போடுறேன் சார். அவங்ககிட்டயே சொல்றேன்."

இன்னாசி சாரின் கை சட்டென்று நீண்டு செல்போனின் மேல் விழுந்தது. அந்தக் கையில் இவ்வளவு பலம் இருக்கும் என்று சவரிநாதன் நினைக்கவில்லை. "வேணாம். வேணாம் தம்பி, கும்புட்டுக் கேக்குறேன். நான்தான் உங்களப் பிடிச்சு இப்படிச் சொல்லச் சொன்னேன்னு நெனச்சுக்குவா. ஈஸ்டருக்கு அவகிட்ட நான் ஒத்துக்கிட்டேன், ஆமாம்மா, அப்பாதான் காரணம்னு. அதுக்கப்புறம்தான் மாசத்துக்கு ஒருக்கா, சாப்பிட்டீங்களான்னு ஒரு மெசேஜ் போடுறா. இப்போ போயி இல்லன்னு சொன்னா அதுவும் நின்னுரும்."

சவரிநாதன் கையை இழுத்துக்கொண்டார். பழைய தாளை அழித்தவரும் அவரே, படிகளைக் கிழித்தவரும் அவரே. மற்ற முப்பது பேரில் எவர் வீட்டிலாவது ஒன்று மிஞ்சியிருக்குமா? ஒரு வருஷத்துக்குப் பிறகு யார் வைத்திருப்பார்கள்? பவுலினைக் கூப்பிடலாம். பவுலின் சொன்னாலும் அதுவும் வாய்ச்சொல்தானே. அவ்வளவு சுத்தமாகச் செய்த வேலை அவர் வாழ்க்கையில் அது ஒன்றுதான். "சார்," என்றார். "சார், நம்புங்க சார்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அழுகையைப் பார்த்ததும் கிழவருக்கு இன்னும் உறுதியாகிவிட்டது.

அவர் எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். "எனக்காக இப்படி ஒரு பொய் சொல்லப் பெத்த புள்ளைக்குக்கூட மனசு வராது," என்றார். "ஆண்டவர் உங்க குடும்பத்த நல்லா வப்பாரு." வலது கையின் கட்டைவிரலால் சவரிநாதனின் வேர்த்த நெற்றியில் மெதுவாகச் சிலுவை வரைந்தார். சவரிநாதன் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டார்.